மஞ்சள் ஹெல்மெட் ஸ்நேகா

என் பெயர் எட்வர்ட். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி போடும் கம்பெனியில் வேலை. வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்கவேண்டும் என்பார்களே, அதை நம்பி மகளுக்காக இடுப்பில் சாவிக்கொத்தோடு திரிந்தவன். இரும்புக்கு அந்தச் சக்தி இருந்தால் சிப்காட் பக்கம் ஒருத்தருக்கும் வலிப்பே வரக்கூடாது. பகலெல்லாம் இரும்புக்கு நடுவிலேயே நிற்கிற எனக்கு இது தோன்றவில்லை.

ஸ்நேகா கைக்குழந்தையாக இருந்தபோதே வலிப்பு ஆரம்பித்துவிட்டது. சென்னையில் குழந்தைகள் டாக்டர் நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார். நான் எல்லாம் புரிந்தவன் மாதிரி தலையாட்டினேன். மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்ததில் வலிப்பு குறைந்தது, நிற்கவில்லை. உடம்பு வளர்ந்தது. புத்தியும் பேச்சும் சின்னக் குழந்தை அளவிலேயே தங்கிவிட்டன. நின்றுகொண்டிருப்பவள் திடீரென்று தடாலென்று விழுவாள். மண்டை உடையாமல் இருக்கக் கம்பெனியின் மஞ்சள் ஹெல்மெட் ஒன்றை மாட்டிவிட்டேன். ஆரம்பாக்கத்தில் எங்கள் தெருவே அவளை சூப்பர்வைசர் என்று கூப்பிடும். ஏற்கெனவே ஒரு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குகிறவனுக்கு வீட்டிலும் ஒன்று.

அவளுக்கு இருபது வயது தாண்டியதும், இனிமேல் பெரியவர்கள் பிரிவுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே புது டாக்டர் மாத்திரையைப் பற்றி அதிகம் பேசவில்லை. உங்கள் இரண்டு பேரையும் விட்டால் இந்தப் பெண் யாரோடு பழகுவாள், உங்களுக்குப் பிறகு யாரிடம் இருப்பாள் என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. என் மனைவி விக்டோரியா கோபப்படவில்லை. கும்மிடிப்பூண்டியில் இப்படிப்பட்டவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்றைத் தேடிப் பிடித்து, ஸ்நேகாவைச் சேர்த்தும்விட்டாள்.

அவள் அங்கே தங்குவாளா என்பதுதான் எங்கள் கவலை. மாட்டாள் என்று நான் அடித்துச் சொன்னேன். உள்ளுக்குள் அதுதான் என் ஆசையும். முதல் நாள் விட்டுவிட்டு வேலைக்குப் போகாமல் எதிர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் விக்டோரியா போன் செய்தாள்.

"டீக்கடைல குந்திகினு கீறியா? புள்ளயக் கொஞ்சம் உடுய்யா. நம்மளே கட்டிப் புடிச்சிகினு இருந்தா அப்பால யாரு பாப்பா?"

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. கம்பெனியில் இருப்பதாகப் பொய் சொன்னேன். பக்கத்தில் டீ மாஸ்டர் வடை வடை என்று கூவினார்.

அந்த நேரத்தில் ஸ்நேகாவை விட்ட இடத்துக்குள் தடாலென்று சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம். சாவிக்கொத்தை உருவிக்கொண்டு ஓடினேன். ஸ்நேகா தரையில் கைகால் வெட்டி இழுக்கக் கிடந்தாள். அங்கு வேலை செய்யும் ஏஞ்சலின் என்ற பெண் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, வலிப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாவி வேணாம்ண்ணா. தானா நிக்கும். சும்மா கூட இருங்க."

கை நீட்டியபடியே நின்றேன். வலிப்பு நின்றது. இத்தனை வருடமும் அது நிற்கப்போகிற நேரத்துக்குத்தான் என் சாவி போய்ச் சேர்ந்திருக்கிறது. பெயரை மட்டும் நான் வாங்கிக்கொண்டேன்.

ஸ்நேகா கொஞ்சம் தூங்கி எழுந்தாள். போதும், வீட்டுக்குப் போகலாம் என்று நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை இழுத்துக்கொண்டு, அவளைப் போலவே அங்கே வருகிற நந்தினி என்ற பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நந்தினி ஊதுவத்திகளைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்நேகாவும் ஒன்றைப் போட்டாள். அது கீழே விழுந்தது. எடுத்து மறுபடியும் போட்டாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா போ."

அதுவரை அவள் இரண்டு வார்த்தையைச் சேர்த்துப் பேசியதில்லை. பேச மாட்டாளா என்று வேளாங்கண்ணிக்கு மொட்டை போட்டவன் நான். பேசினாள், என்னை விரட்டுவதற்கு. சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. வெளியே வந்து, விக்டோரியாவுக்குப் போன் போட்டு, நம் மகள் என்னைப் போகச் சொல்லிவிட்டாள் என்று சொன்னேன்.