தண்ணீர் வைத்தவர்

ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பும் சிலையை வழியனுப்பத்தான் இன்று, அப்பா முன்பு வேலை செய்த அருங்காட்சியகத்துக்குப் போனேன். மரப்பெட்டியைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம் எழுந்தது. அந்த மணத்தில் எனக்கு மறுபடியும் ஒன்பது வயது.

எண்பதுகளின் கடைசி. அப்பாவுக்கு அங்கே கூட்டித் துடைக்கும் வேலை. அம்மாவுக்கும் ஷிப்ட் உள்ள விடுமுறை நாட்களில் என்னையும் கூட்டிப்போவார். நிலவறை நிறையச் சிலைகள். கழுத்தில் எண் அட்டை தொங்கிய ஒரு மரப்பெண்ணின் முன்னால் மட்டும் அப்பா சப்பாத்தைக் கழற்றி, சில்வர் பேணியில் தண்ணீர் வைப்பார்.

"ஏனப்பா?"

"இது ஆப்பிரிக்கச் சனத்தின்ர சாமி, பிள்ளை. வெள்ளைக்காரர் ஊரைக் கொளுத்திப்போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தவை. கோயில் எரிஞ்சாலும் சாமியைத் தாகத்தோட விடேலாது."

மற்ற அறைகளைக் கூட்டிவிட்டுத் திரும்பினால் பேணி காய்ந்திருக்கும். கீழே எங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

"ஆர் குடிச்சது?"

அப்பா சப்பாத்து நாடாவைக் கட்டினார். "ஒருத்தருக்கும் சொல்லாதை. வேலை போயிடும்."

நான் சொல்லவே இல்லை. அப்பா போயும் பதினொரு வருடமாகிறது.

சிலையைக் கூட்டிப்போக அதன் ஊரிலிருந்து ஒரு முதியவர் வந்திருந்தார். அவர் வெறுங்காலுடன் பெட்டிக்குள் குனிந்து, அந்த மரப்பெண்ணின் வாயருகே காதை வைத்து வெகுநேரம் நின்றார். பிறகு நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்:

"தண்ணீர் வைத்தவரின் மகள் வந்திருக்கிறாளாமே, எங்கே?"