பந்திக்கு வந்த பேன்ட்

போன ஞாயிறு எங்கள் சபை வாசலில் ஒரு சின்னத் தகராறு. காரணம் – ஒரு பேன்ட்.

மாதத்தின் முதல் ஞாயிறு கர்த்தருடைய பந்தி; இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார்கள். என் மருமகள் எஸ்தருக்கு ஓசூரில் செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. முதல் ஞாயிறு வந்தாலே அவளுக்கு ஷிப்ட் விழுந்துவிடும். மூன்று மாதமாக அப்பமும் ரசமும் இல்லை. அது அவள் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு நைட் ஷிப்ட் முடிந்து கிளம்பினால், கம்பெனி பஸ் லேட். வீட்டுக்குப் போகாமல் யூனிஃபார்மிலேயே ஓடி வந்துவிட்டாள்.

வாசலில் கமலா சிஸ்டர். எங்கள் சபையில் பெண்களுக்குச் சேலை, முக்காடு... நகை கூடாது. எங்கும் எழுதி வைக்கவில்லை. கமலா சிஸ்டர் இருக்கும்போது எழுதுவானேன்?

“இன்னாம்மா இது, பேன்ட் போட்டுக்கினு பந்தியில கை நீட்டப் போறியா?”

“வீட்டுக்குப் போய் மாத்திக்கினு வந்தா பந்தி முடிஞ்சிடும் சிஸ்டர்.”

“கர்த்தர் சமுகத்துல ஒரு அடக்கம் வேணாமா?”

“காதுல கம்மல் இல்ல. கையில வளையல் இல்ல. முழுக்கைச் சட்டை. தலைக்குத் தொப்பி கூடப் பையில இருக்குது, போட்டுக்கறேன். கண்டிப்புல எங்க சூப்பர்வைசர் உங்களுக்கும் மேல சிஸ்டர்!”

உள்ளே சிரித்துவிட்டார்கள். அதுதான் தப்பாகிவிட்டது. கமலா சிஸ்டர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

எஸ்தர் செருப்பு விடுகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை. இங்கே உங்களிடம் எழுதுவதோடு சரி. உள்ளே ஜன்னலோரம் இருந்தவள், எழுந்து வெளியே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நீங்க உள்ள போங்க அத்தை. உங்களுக்கும் விட்டுப்போயிடும்.”

“போவட்டும்.”

நகையைக் கழற்று என்று கம்பெனி கேட்டிலும் சொல்கிறார்கள், சபையிலும் சொல்கிறார்கள். அங்கே மெஷினுக்காக, இங்கே மனசுக்காக. சரிதான்... ஆனால் மனசை எந்த கேட்டில் நிறுத்தி செக் பண்ணுவது?

பாட்டு முடிந்தது. வரிசையாக அப்பம் கொடுத்துக்கொண்டு வந்த பாஸ்டர், ஜன்னலோரம் என் இடம் காலியாக இருப்பதைப் பார்த்திருக்கிறார். தட்டோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

“பாஸ்டர், அந்தப் பொண்ணு பேன்ட்டுல...” என்று இழுத்தார் கமலா சிஸ்டர்.

பாஸ்டர் எஸ்தரைப் பார்த்து, “கையை நீட்டும்மா” என்றார்.

அவளுக்கு அடுத்து நான். எனக்கோ கூச்சம். தலை நிமிராமல்தான் வாங்கிக்கொண்டேன். குனிந்த கண்ணுக்கு எதிரெதிரே இரண்டு பேன்ட் தெரிந்தன.

பாஸ்டருடையதுதான் கொஞ்சம் இறுக்கம்!