ஏழாம் சுவரும் பதினோராம் சுவரும்

ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியரைக் கல்லூரிக்குக் கூப்பிடுவது சால்வை போர்த்தத்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் போர்த்தினார்கள். கூடத்தில் நாற்பத்தொரு பேர். இருபத்தாறு பேர் கைப்பேசிக்குள் இருந்தார்கள்.

ஒன்பது வருடமாக ராஜபாளையத்து வீட்டு மாடியில் உட்கார்ந்து செய்த வேலையைப் பற்றிப் பேசினேன். கலப்பெண் அதிபரவளைய வெளியில் இயங்கும் ஒரு குலத்துக்கு அடிப்படைப் பகுதி கண்டுபிடிப்பது. விழித்தார்கள். தளவாய்புரத்தில் தைக்கிற நைட்டித் துணியில் ஒரே பூக்கட்டம் திரும்பத் திரும்ப வந்து, இடைவெளி விடாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் துணியை நிரப்புகிறதே, அந்த ஒரு கட்டம்தான் அடிப்படைப் பகுதி என்றேன். என் கட்டத்துக்கு நான்கு பரிமாணம், இருபத்துநான்கு சுவர்கள். அந்த வெளியில் தட்டையான சுவரே கிடையாது, எல்லாம் வளைந்தவை. நன்றியுரை சொன்னவர், நைட்டித் தொழிலுக்குப் பயனுள்ள உரை என்றார்.

பேருந்து நிலையம்வரை உடன் வந்தவர் என் பழைய துறைக்காரர். முப்பத்தொரு வருடச் சர்வீசில் இரண்டே கட்டுரை எழுதியவர். திங்கட்கிழமை ஆய்விதழுக்கு அனுப்பவிருந்த என் அறுபத்துமூன்று பக்கத்தையும் படித்திருந்தார்.

"சார், ஏழாம் சுவரும் பதினோராம் சுவரும் எத்தனை இடத்துல வெட்டுது?"

"ஒரே இடம்."

"ரெண்டு சார். வளைஞ்ச சுவரு, அங்கிட்டு ஒரு துண்டு, இங்கிட்டு ஒரு துண்டு. செத்த நேரம் வரைஞ்சு பாருங்க."

உங்கள் கட்டுரைகளைத்தான் இரண்டென்று எண்ண முடியும் என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினேன்.

ஊர் வருவதற்குள் நினைவு வந்துவிட்டது. முனை, விளிம்பு, பக்கம், சுவர், கடைசியில் முழு உருவம் என்று மாறிமாறிக் கூட்டிக் கழித்தால் ஒன்று வர வேண்டும். மூன்று வருடம் முன்பு எனக்குப் பூஜ்யம் வந்தது. ஒரு முனையைத் தவறவிட்டிருப்பேன் என்று ஐம்பத்தேழை ஐம்பத்தெட்டு ஆக்கினேன். படிக்கட்டைக்கூட எண்ணி ஏறுகிறவன், இல்லாத முனையை எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு சுவர் வெட்டுகிற இடம்தான் பக்கம்; குறைந்தது முனையல்ல, அந்த இரண்டாவது துண்டு. ஒரு மாணவன் இப்படிச் செய்திருந்தால் தாளை அவன் முகத்தில் எறிந்திருப்பேன்.

மாடியில் வரைந்து பார்த்தேன். இரண்டுதான். போனில் சொன்னேன்.

"அப்போ மிச்சம் இருநூத்தி எழுவத்தஞ்சு ஜோடியையும் பாக்கணுமே சார். நாளைக்கு வாரேன். காப்பி மட்டும் போன தடவை மாதிரி வேணாம்."

எட்டு மணிக்கு வரச் சொன்னேன். எட்டு இருபதுக்குத்தான் வருவார்.