அண்ணனுக்கு ஒரு அர்ச்சனை

“…அதுகூடப் பரவால்லமே, மேல போனா பூசாரி பேரு, நட்சத்திரம் கேப்பாரே, அப்ப நான் இன்னான்னு சொல்றது?” என்றாள் அண்ணி.

இதைக் கேட்க அவளுக்குக் கிடைத்த இடம், இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லாத ஒரு பாறை முதுகு. திருவண்ணாமலைப் பக்கத்து மலை அது. படியெல்லாம் முடிந்த பிறகு, கோயிலுக்குப் போகும் வழி ஒற்றை வரப்பு மாதிரி உச்சியோடு நீண்டு கிடக்கும். அண்ணி முன்னால் நின்றாள். நான் நிற்கவில்லை. இரும்புச் சங்கிலியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு உயரம் ஆகாது. தி.நகரில் நான் வேலை பார்க்கும் புடவைக் கடையில் நடுவில் கிணறு மாதிரித் திறந்துவிட்டு, சுற்றிலும் கண்ணாடித் தடுப்பு வைத்து, மாடி மேல் மாடியாகக் கட்டியிருக்கிறார்கள். மேலே பட்டுப் பக்கம் வரச் சொல்லிக் கூப்பிட்டும் போகாமல், தரைத் தளத்திலேயே ஜாக்கெட் துணி விற்றுக்கொண்டிருக்கிறேன்.

என் அண்ணன் நேர் எதிர். அடையாறு, வேளச்சேரி என்று அடுக்குமாடிகளுக்கு வெளிச்சுவர் அடிக்கிற பெயிண்டர். கயிற்றில் தொங்கிக்கொண்டே போனில் பேசுவான். “கீழ பாத்தாதான் உயரம், செவுத்தப் பாத்தா எல்லாம் தரைதான்” என்பான். கூட வேலை செய்கிறவர்களோடு வருஷா வருஷம் இந்த மலைக்கு வருவான். உயரம் அவனை ஒன்றும் செய்யவில்லை. மஞ்சள் காமாலைதான் கொண்டுபோனது.

ஆஸ்பத்திரியில் அவன் நினைவு தப்பிக் கிடந்தபோது, அண்ணி ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து, ஆள் எழுந்துவிட்டால் மலையேறி வந்து போடுகிறேன், அவர் பேருக்கு அர்ச்சனை செய்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். ஆள் எழவில்லை. முடிச்சு மட்டும் மயிலாப்பூரில், கால்வாய் ஓரத்து எங்கள் வீட்டில், சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது.

பலித்த வேண்டுதலை எப்படி முடிப்பது என்று எல்லோருக்கும் தெரியும். பலிக்காததை என்ன செய்வது என்று தெருவில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அஸ்தியோடு கடலில் விட்டிருக்க வேண்டும் என்றார் ஒருவர். எதிர்வீட்டு அக்கா, “இதோ பக்கத்துலயே கோயில் கீது, உண்டியல்ல போட்டுட்டு வேலயப் பாரு” என்றாள்.

“கேட்டது அந்த மலச்சாமியாண்டக்கா. பதில் சொல்லாங்காட்டியும் கேட்டது அவராண்டதான்” என்றாள் அண்ணி.

சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் மலைக்கோயில் ஏறக் கூடாது. திதி முடியும் வரை காத்திருந்து, கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்தோம். அவளைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. கூடப் போக வேறு ஆளும் இல்லை.

பாறையில் எனக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. “யம்மா, ஒரு ஓரமா குந்தும்மா, மத்தவங்க போவணும்ல” என்று ஒருவர் கத்தினார்.

“ஓரம் எங்க நைனா கீது இங்க? இருந்தா நீயே வந்து குந்து” என்றாள் அண்ணி. நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே சங்கிலியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கீழே ஒரு ஏரி, கைக்கண்ணாடி அளவுக்குத் தெரிந்தது.

“நீ இங்கயே இருமே. நான் போய் போட்டுட்டு வந்துர்றேன்.”

அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். முடிச்சை அவள் இடுப்பில் செருகவில்லை. கைக்குள்ளேயே இறுக்கி வைத்திருந்தாள். சங்கிலியைப் பிடிக்க அவளுக்கு ஒரு கைதான் இருந்தது.

எழுந்து நடந்தேன் என்று எழுத ஆசைதான். உட்கார்ந்தபடியே நகர்ந்தேன். அண்ணன் சொன்னானே என்று பாறையைப் பார்த்தேன். பாறையிலும் உயரம்தான் தெரிந்தது. அவன் சொன்னது அவனுக்கு மட்டும்தான் போல. கடைசியில் அண்ணியின் குதிகாலைப் பார்த்தேன். வெடிப்பு விழுந்த, செருப்பில்லாத குதிகால். அது நகர நகர நானும் நகர்ந்தேன்.

“பூசாரி கேட்டா என் பேரச் சொல்லிடு அண்ணி” என்றேன். செத்தவர் பேருக்கு அர்ச்சனை கிடையாது. உண்மையைச் சொன்னால் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அண்ணி சங்கிலியைப் பிடித்து முன்னால் நடந்தாள்.

கோயில் ஒரு அறை அளவுதான். குளிர்காற்றுக்கு அண்ணி முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். முடிச்சை உண்டியலில் போட்டாள். துணிக்குள் இருந்ததால் சத்தமே வரவில்லை. கோயில் வாசலில் எடுத்த தேங்காய்த் தட்டைப் பூசாரி வாங்கிக்கொண்டார்.

“பேரு?”

அண்ணி அண்ணன் பேரைச் சொன்னாள். அவன் உயிரோடு இருந்தபோதுகூட “இந்தாய்யா” என்றுதான் கூப்பிடுவாள். அந்தப் பேரை அவள் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“நட்சத்திரம்?”

“ரோகிணி.”

“வீட்டுக்காரரா? வரலியா?”

“வேலைக்குப் போய்கீறாரு சாமி.”

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூசாரி அண்ணன் பேரைக் கணீரென்று சொல்லி அர்ச்சனை செய்தார், மணி அடித்தார், சூடம் காட்டினார். திரும்பி வந்து அண்ணியின் கையில் குங்குமம் கொடுத்தார்.

“தாலியில வெச்சுக்கம்மா. தீர்க்காயுசா இருப்பாரு.”

அண்ணி, “சரிங்க சாமி” என்றாள். முந்தானைக்குள் கையை விட்டு, தாலி இல்லாத கழுத்தில், அது தொங்கிய இடத்தில், அந்தக் குங்குமத்தை அழுத்தி வைத்துக்கொண்டாள்.