இரண்டாவது சாவி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கட்டும். அந்தக் கோபம் இல்லாவிட்டால் அந்தப் பூட்டையும் நான் செய்திருக்க மாட்டேன்.

செவிலிமேட்டில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. அரிசி ஆலைகளின் பெரிய ஷட்டர் கதவுகளை நானும் மச்சானும் பழுது பார்ப்போம். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், ஓர் ஆலையின் கதவைப் பாதி தூக்கி நிறுத்திவிட்டு அவன் அடியில் படுத்திருந்தான். வேலை முடிந்ததென்று நினைத்து மேனேஜர் வெளியிலிருந்து சங்கிலியை இழுத்துவிட்டார். மச்சானின் இடது கையில் மூன்று விரல்கள் போயின. "பாத்து வேலை செய்யக்கூடாதாபா?" என்று அவனையே கேட்டார் அந்த மனிதர்.

அந்த ஆத்திரத்தில் செய்ததுதான் அது. கதவு ஓடும் தடத்துக்குக் குறுக்கே ஒரு தடித்த இரும்புக் கம்பி, அதன் முனையில் பூட்டு. யார் சங்கிலியை இழுத்தாலும் கதவு இறங்காது. சாவி ஒன்றே ஒன்று, அதுவும் அடியில் படுத்திருப்பவன் இடுப்பில்.

சேதி மெட்ராஸ் வரை போய் ஒரு கம்பெனிக்காரர் வந்தார். அதைச் செய்து விற்கும் உரிமையை எழுதிக் கொடுத்தால், விற்கும் ஒவ்வொன்றுக்கும் எனக்குப் பங்கு என்றார். பட்டறையின் தகரக் கூரை ஒழுகிக்கொண்டிருந்த காலம். ஆசை இல்லாமல் இல்லை. ஒப்பந்தத்தை மச்சான்தான் வாசித்தான். 'இரண்டாவது சாவி ஆலை நிர்வாகத்திடம் இருக்கும்' என்ற வரியில் நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"அவசரத்துக்குத்தான்பா. மழை வந்தா மூட்டை நனையும், சாவி வச்சிருக்கறவரு டீ குடிக்கப் போயிருப்பாரு" என்றார் கம்பெனிக்காரர்.

"தேருக்குக் கட்டை போடுறவன் சக்கரத்துக்கிட்ட இருக்கசொல்ல வடத்தை இழுப்பீங்களா சார்?" என்றேன்.

"சாவி குடுக்கலன்னா எந்த முதலாளியும் வாங்க மாட்டான்."

"வாங்க வேணாம்."

பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கச் சொல்கிற காகிதம் அது. அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மடித்து எடுத்துப் போனவர் திரும்ப வரவே இல்லை. அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

அடுத்த மாதம் அதே ஆலையில் அதே கதவு மக்கர் செய்தது. நான் படுக்கிறேன் என்றேன், மச்சான் கேட்கவில்லை. கம்பியைச் செருகிப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு அடியில் போனான். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

"மூட்டையெல்லாம் நனையுது, சாவியக் குடுபா!" என்று மேனேஜர் வெளியே நின்று கத்தினார்.

"சாவி என் இடுப்புல இருக்குது சார். நான் வெளிய வந்தாத்தான் கதவு எறங்கும்" என்றது அடியிலிருந்து மச்சானின் குரல்.

குனிந்து பார்த்தேன். இடது கையில் மீதமிருந்த இரண்டு விரல்களால் திருகாணியைப் பிடித்து, அவசரமே இல்லாமல் முடுக்கிக்கொண்டிருந்தான்.