காலி குரூப்பில் ஒருவர்

போன வாரம் ஒரு மதியம், மொட்டை மாடியில் உட்கார்ந்தபடி உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

வேலம்பாளையத்தில் எங்கள் காலர் நிட்டிங் யூனிட்டில் சாப்பாட்டு பெல் அடித்து மெஷின்கள் நின்றதும் ஓர் அமைதி வரும் பாருங்கள்... குளத்துக்குள் மூழ்கிக் கேட்பது மாதிரி இருக்கும். பஞ்சுத் துகள் வெயிலில் மிதந்துகொண்டிருக்கும். அந்த நேரம் எனக்கும் என் டிஜிட்டல் ரேடியோவுக்கும் சொந்தம். நான் லைசென்ஸ் வாங்கிய அமெச்சூர். 'ஹாம்' என்பார்கள். வீட்டில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அது இங்கே வேண்டாம்.

நான் பேசுவதைக் குன்றின் மேல் இருக்கும் ரிப்பீட்டர் வாங்கி, இன்டர்நெட் வழியாக எங்கு வேண்டுமானாலும் அனுப்பும். எங்கே என்பதை டாக் குரூப் எண்தான் முடிவு செய்யும். வாட்ஸ்அப் குரூப் மாதிரியா? இல்லை. இங்கே குட்மார்னிங் ரோஜாப்பூ கிடையாது. ஒருவர் பட்டனை அழுத்திவிட்டால், அவர் விடும்வரை மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு சிக்கல். எந்த குரூப்பில் ஆள் இருக்கிறார்கள் என்று எண்ணைப் பார்த்தால் தெரியாது. எண்ணைப் போட்டு, பட்டனை அழுத்தி, நம் கால் சைனை, அதாவது லைசென்ஸோடு கொடுக்கும் அடையாளப் பெயரை, சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒன்றில் யாரோ தன் ஊரில் பனி கொட்டுவதாகச் சொல்கிறார். இன்னொன்றில் தக்காளிச் செடிக்கு என்ன மருந்து என்று விவாதம். பாதிக்கு மேல் காலி. எனக்கு அந்தக் காலி குரூப்புகளும் பிடிக்கும். யாராவது வருவார்களா என்று கண்ணை மூடிக் காத்திருப்பதில் ஒரு சுகம்.

அன்றைக்கு அப்படி ஒரு காலி குரூப்பில், திரையில் ஒரு கால் சைன் வந்தது. யாராவது பட்டனை அழுத்தினாலே அது தானாக வந்துவிடும். குரல் இல்லை. மறைந்தது. மறுபடி வந்தது. மூச்சு விடுவது மாதிரி ஏதோ கேட்டது, அவ்வளவுதான்.

நான் சும்மா இருந்தேனா?

"சார், உங்க கால் சைன் வருதுங்க, ஆடியோதான் வரலீங்க. மைக்கைக் கொஞ்சம் பாருங்க" என்றேன்.

ஹாம்களுக்கே உரிய வியாதி இது. எதிரே மௌனமாக இருப்பது மனிதரா, மைக்கா என்ற சந்தேகம் வந்தால், நாங்கள் மைக்கைத்தான் முதலில் சந்தேகப்படுவோம்.

அதன்பிறகு அந்தக் கால் சைன் வரவில்லை.

சாயங்காலம் டீக்கடையில் ஜெசிந்தாவிடம் இதைச் சொன்னேன். பக்கத்துத் தெரு பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்ஷன் பார்க்கிறவர். ஊர் உடன்குடிப் பக்கம். அவரும் ஹாம்தான். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்த அப்பாவைப் பார்த்து வந்த ஆசை. கால் சைனைச் சொன்னதும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"அது எங்க அப்பாதுண்ணே."

"அப்படீங்களா? அப்ப ஏனுங்க பேசலே?"

"பக்கவாதம் வந்ததுல இருந்து அவியளுக்கு வார்த்த ஒடனே வராதுண்ணே. போன்ல ஒரு எழுத்து எடுக்கதுக்குள்ள மீதிய நாங்க சொல்லி முடிச்சிருவோம். பாசத்துலதான்... இப்ப போனையே தொட மாட்டேங்காவ. யாருமில்லாத குரூப்பாப் பாத்து, தனியா பேசிப் பழகியிருக்காவ போல."

மைக்கில் ஒரு கோளாறும் இல்லை. ஒரு வார்த்தைக்காகப் போராடிக்கொண்டிருந்த மனிதரிடம், ஒன்றுமே கேட்கவில்லை என்று அறிவித்துவிட்டு வந்திருக்கிறேன். அவர் அந்த செட்டையும் மூடி வைத்துவிட்டால்? இந்தப் பெண் அப்பாவின் குரலை வேறு எங்கே கேட்பார்?

"மன்னிச்சுக்கங்க அம்மிணி. நானே கூப்பிட்டுப் பேசட்டுங்களா?"

"பேசவே வேண்டாம்ணே. நாமளும் சும்மா அமுக்குவோம்."

கால் சைன் சொல்லாமல் பட்டனை அழுத்துவது எங்கள் வழக்கப்படி மரியாதைக் குறைவு. விதிப்படியும் தப்பு. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மாடியில் இரண்டு செட்டுகளோடு உட்கார்ந்தோம். அதே காலி குரூப். ஜெசிந்தா பட்டனை அழுத்தி, உடனே விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே அப்பாவின் திரையில் மகளின் கால் சைன் வந்திருக்கும். அவர் பார்த்துக்கொண்டிருந்தால்.

ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினார். நானும் ஒருமுறை அழுத்தினேன். லீவு நாள் ஆதலால் தெருவே தூங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் எனக்கும் கண் சொக்கியது... அந்தக் குன்று, கம்பிகள், கடல் காற்று, ஏதோ ஒரு வீட்டின் மேஜை மேல் ஒரு சின்ன செட். எல்லாம் ஒரே அறைக்குள் இருப்பது போல இருந்தது.

திரை ஒளிர்ந்தது.

மூச்சு. நீண்ட இடைவெளி. பிறகு, "ஜெ... சி..."

ஜெசிந்தாவின் உதடு அசைந்தது. மீதியைச் சொல்லத் துடித்தது எனக்கே தெரிந்தது. ஆனால் பட்டனை அழுத்திக்கொண்டிருப்பது அப்பா அல்லவா! சொல்லியும் பயனில்லை.

"சாப்... சாப்... பிட்டியா... மக்ளே?"

எவ்வளவு நேரம் ஆனது என்று நான் பார்க்கவில்லை. முழு வாக்கியம். முழுக்க அவருடையது. யாரும் முடித்துக் கொடுக்கவில்லை.

"சாப்பிட்டேம்ப்பா... நீங்க சொல்லுங்க. ஓவர்" என்ற ஜெசிந்தா, பட்டனை விட்டபிறகுதான் அழுதார். நாம் அன்போடு வெட்டிவிடும் வாக்கியங்கள் எத்தனை வீட்டில் பாதியில் கிடக்கின்றனவோ!

கடைசியில் அப்பா என்னைக் கூப்பிட்டார். மெதுவாக, வார்த்தை வார்த்தையாக. "மைக்... இப்ப... எப்பிடி... சார்?"

"ஃபைவ் நைன், சார்" என்றேன். பிரமாதமாகக் கேட்கிறது என்று அர்த்தம். கரகரப்பாகக் கேட்டாலும் ஹாம்கள் ஒருவருக்கொருவர் மரியாதைக்குச் சொல்லிக்கொள்கிற ரிப்போர்ட்தான். அன்றைக்கு நான் மரியாதைக்குச் சொல்லவில்லை.