எழுத்தில் எதுவும் வரவில்லை

டிசம்பர் 3: கணவரின் ஓட்டுநர் உரிமம் ரத்தான கடிதம்.
ஜனவரி 11: மருத்துவச் சான்று, 600.
ஜனவரி 20: கனரக வாகனப் பழகுநர் உரிமம், 350.
பிப்ரவரி 2: பேருந்துப் பயிற்சி, முப்பது மணி நேரம், 14,500.
ஏப்ரல் 17: தேர்வு, 1,100. தோல்வி.
மே 22: மறுதேர்வு, 1,100. தேர்ச்சி.
ஜூன் 6: பயணிகள் வாகன பேட்ஜ், 275.
மொத்தம் 17,925.

இதற்காக அவள் தன்னுடைய இரண்டு தையல் மிஷின்களில் நல்லதை 18,000க்கு விற்றாள். மீதி 75க்குச் சிவப்பு நூல்கண்டு ஒரு பெட்டி வாங்கி வைத்தாள்.

அவளுக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. பதினோரு வருடமாகத் தொலைதூரப் பேருந்துகளுக்கு இருக்கை உறை தைத்துக் கொடுத்தவள். தைத்ததைச் சின்ன வேனில் ஏற்றித் தானே ஓட்டிப் போய் டிப்போவில் இறக்குவாள். அதே டிப்போவில் கணவர் ஓட்டுநர். கூடப் பிறந்த அண்ணன் பணிமனை ஃபோர்மேன்.

வண்டியில் கோளாறு இருந்தால் ஓட்டுநர் சீட்டில் எழுதித் தர வேண்டும். ஃபோர்மேன் சரிசெய்து கையெழுத்துப் போட்ட பிறகே வண்டி வாசலைத் தாண்டலாம். எல்லாரும் எழுதினார்கள், அவள் கணவரைத் தவிர. "மச்சானுக்குப் போய் யாராச்சும் மனு எழுதுவாங்களா?" என்று சிரிப்பார். விபத்து நடந்த அக்டோபர் 8 காலையிலும் பின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று வாயால்தான் சொன்னார்.

"எடுத்துட்டுப் போ மச்சான், சாயந்திரம் பார்த்துக்கலாம்" என்றான் அண்ணன்.

பகல் 12:20க்கு, இறக்கத்தில், வண்டி கல்சுவரில் மோதி நின்றது. உயிர் போகவில்லை. பத்தொன்பது பேருக்குக் காயம். கணவரின் வலது முழங்கால் அதோடு மடங்குவதை நிறுத்திக்கொண்டது.

விசாரணையில் அண்ணன் சொன்னது ஒரே வாக்கியம்: "எழுத்துல எதுவும் வரலைங்க." அதில் பொய் இல்லை. பழி முழுதும் ஓட்டுநர் தலையில் விழுந்தது.

அன்று சாயந்திரம் அண்ணன் வீட்டுக்குப் போய் நின்றபடியே கேட்டாள். "அவரு சொன்னாரா இல்லையாண்ணே?"

"சொன்னதுக்கு என்ன தங்கச்சி சாட்சி? எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. வேலை போச்சுன்னா நீயா சோறு போடுவே?"

திரும்பி வந்தவள் அதன் பிறகு அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: மச்சான் சொன்னான் என்று அவன் கையாலேயே எழுதித் தர வேண்டும். தையல்காரியாக இருந்தால் அவளைக் கண்டதும் அவன் நழுவிவிடலாம். ஓட்டுநரானால் தினமும் அவள் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும்.

பயிற்சி மைதானத்தில் அவளுக்குக் கற்றுக்கொடுத்த, அதே டிப்போவின் மூத்த ஓட்டுநரை எல்லாரும் 'விசில்' என்பார்கள். திட்ட மாட்டார், பல்லிடுக்கில் ஊதுவார். அவ்வளவு நீள வண்டியைத் திருப்பினால் வால் எதிர்ப்பக்கம் வீசும் என்பது அவள் தோளுக்குப் புரிய முப்பது மணி நேரமும் பிடித்தது. முதல் தேர்வில் பின்பக்கமாக ஒதுக்கும்போது அந்த வால்தான் கம்பத்தைச் சாய்த்தது.

செய்தி டிப்போவுக்குப் போனது. "மிதிச்சா ஓடுறதுக்கு அது என்ன மிஷினா?" என்று அண்ணன் பணிமனையில் சொல்லிச் சிரித்தானாம். கணவர் அதைக் கேட்டுவிட்டு, "விட்டுடும்மா, போதும்" என்றார்.

"நீங்க காலை நீட்டி உட்காருங்க. நான் பார்த்துக்கறேன்."

ஓட்டுநருக்குப் பஞ்சம் என்பதால் நிறுவனம் அவளை எடுத்துக்கொண்டது. அதன்பின் ஆறு வாரம் வழித்தடப் பயிற்சி. விசில் அவளுக்கு அழுத்திச் சொன்னது ஒன்று: சாவியைத் தொடும் முன் வண்டியைச் சுற்றி ஒரு முறை நட. நாற்பத்தொரு இடம் பார். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது.

ஜூலை 28 முதல் அவள் எழுதினாள். விடியற்காலை டார்ச்சோடு வண்டிக்கடியில் படுத்து எழுதினாள். கண்ணாடியைத் தாங்கும் போல்ட் தளர்வு. சாமான் அறைக் கதவின் கொக்கி ஆட்டம். பேட்டரி மூடி சரியாக உட்காரவில்லை. அண்ணன் எதிரே நின்றாலும் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

"வாய் என்ன ஊமையாப் போச்சா?" என்பான். "வீட்ல தைக்கிற மாதிரி இங்கயும் ஊசியில குத்துறியா?"

'சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவான்.

அவன் அறியாதது ஒன்றுண்டு. புகார் எழுதும்போதே அந்தந்த இடத்தில் ஒரு சுற்றுச் சிவப்பு நூலைக் கட்டி முடிச்சுப் போட்டுவிடுவாள். ஸ்பேனர் வைத்துத் திருகினால் அது அறுந்தே தீரும். கையெழுத்து வந்ததும் மறுபடி போய்ப் பார்ப்பாள். செப்டம்பர் 20 வரை பதினாறு சீட்டு. பதினொன்றில் நூல் அப்படியே இருந்தது. அந்தப் பதினொன்றையும் அவளே ஸ்பேனர் பிடித்து முடுக்கிவிட்டுத்தான் வண்டி எடுத்தாள். அறுத்த நூலைச் சீட்டின் நகலோடு குத்தி வைத்தாள்.

செப்டம்பர் 23, காலை 5:35. பின் இடது பிரேக் பிடிமானம் குறைவு என்று எழுதினாள். இறுக்கும் திருகில் நூலைக் கட்டினாள். 5:50க்குக் கையெழுத்து வந்தது. இந்த முறை அவள் ஸ்பேனரைத் தொடவில்லை, சாவியையும் தொடவில்லை. நேரே போய் விசிலையும் டிப்போ மேலாளரையும் கூட்டி வந்தாள்.

விசில் வண்டிக்கடியில் இருந்த பழுதுபார்க்கும் பள்ளத்தில் இறங்கி டார்ச் அடித்தார். திருகில் சிவப்பு நூல் அப்படியே இருந்தது. ஊதவில்லை. "உங்க கையெழுத்துதானே?" என்று ஃபோர்மேனிடம் கேட்டார்.

"வேலை நெருக்கடிங்க. சாயந்திரம் பார்த்துக்கலாம்னு..."

அவள் அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள்.

அன்றே அவனைத் தற்காலிகமாக நீக்கினார்கள். பதினொரு நகலும் மேலாளர் மேசைக்குப் போயின. அக்டோபர் 19இல் வேலை முழுதாகப் போனது. மறுநாள் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். கணவர் எழ முயன்றார். அவள் கையைக் காட்டி உட்கார வைத்தாள்.

"தப்புதான் தங்கச்சி. மச்சான் சொன்னான், நான்தான் அனுப்பிச்சேன். இப்ப வாயத் திறந்து சொல்லிட்டேனே."

"எழுதிக் கொடு."

ஏறக்குறைய ஒரு வருடத்துக்குப் பிறகு அவனிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

"நான் உன் கூடப் பிறந்தவன்."

"அன்னைக்கு அவரும் உனக்கு மச்சான்தான். எழுதிக் கொடு."

கதவைச் சாத்தினாள். வெளியே அவன் கொஞ்ச நேரம் நின்றிருந்தான். உள்ளே கணவர், "இவ்வளவு வேணுமா?" என்றார். வேணும் என்றாள். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

பிறகு தபாலில் வந்தது. கோடு போட்ட தாளில் நாலு வரி. பின் பிரேக் பிடிக்கவில்லை என்று அக்டோபர் 8 காலை மச்சான் என்னிடம் சொன்னார். எடுத்துப் போகச் சொன்னது நான். விசாரணையில் இதை மறைத்தேன். கடைசி வரி: போதுமா தங்கச்சி?

கணவர் இரண்டு முறை படித்தார். இனி ஓட்ட முடியாவிட்டாலும் பழி நீங்கட்டும் என்று, உரிமம் ரத்தானதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அவள் அதற்கு மூன்று நகல் எடுத்தாள். பிறகு டிப்போச் சீட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, அண்ணனுக்கு அனுப்ப ஒரே வரி எழுதினாள்.

பெற்றுக்கொள்ளப்பட்டது, நவம்பர் 14.